உடல் நோயாளிகளோடு வேலை செய்யும் மருத்துவ உளவியலாளர் ஆவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், இளங்கலை கடைசி ஆண்டில் இருப்பவர்கள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள் என்று வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் இந்தத் துறையைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மனநலப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது ஒரு பொது மருத்துவமனையில் டயாலிசிஸ், புற்றுநோய், சர்க்கரை நோய்ப் பிரிவுகளில் வேலை பார்க்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். பட்டம், பதிவு பற்றிய விவரங்கள் இந்தியாவுக்கு உரியவை.

உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு எதற்கு சைக்காலஜிஸ்ட்?

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பதைத் தாண்டிய கட்டட மேஸ்திரி. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் உடம்பில் நீர் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டுதான் வருவார். "சொன்னாக் கேக்கவே மாட்டாரு" என்று வார்டில் எல்லோரும் அவரைத் திட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் அனுப்பினார்கள்.

காலை எழுந்ததிலிருந்து இரவு வரை எப்போது எதைக் குடிக்கிறார் என்று அவரோடு உட்கார்ந்து எழுதினேன். வீட்டில் அளவாகத்தான் இருந்தார். சாயங்காலம் டீக்கடையில்தான் கணக்கு தவறியது. வேலை போன பிறகு அந்த ஒரு பெஞ்சில்தான் அவரை இன்னும் "மேஸ்திரி" என்று கூப்பிட்டார்கள். அங்கே சும்மா உட்கார முடியாது, டீ சொல்ல வேண்டும். கூடவே பஜ்ஜி. பஜ்ஜியின் உப்பு தாகத்தைக் கிளப்ப, மறுபடி டீ, மறுபடி தண்ணீர். "டீயை நிறுத்துங்க" என்று அவரிடம் சொன்னவர்களுக்கு, அந்தப் பெஞ்சையும் விட்டுவிடச் சொல்கிறோம் என்பது தெரியவில்லை. கடைக்காரரிடம் அவரே பேசி, சின்ன டம்ளரில் ஒரே ஒரு டீ, பஜ்ஜி கிடையாது, பெஞ்சு மட்டும் அவருக்கு எப்போதும் உண்டு என்று ஆக்கிக்கொண்டார். உணவியல் நிபுணர் வீட்டுச் சமையலின் உப்பைப் பார்த்துக்கொண்டார். சில வாரங்களில் எடை ஏறுவது குறைந்தது.

இந்த வேலையில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இன்டியாப் ஆய்வு 2023-இல் சொன்னது. அந்த 10.1 கோடிப் பேரும் தினமும் மாத்திரையை எடுக்க வேண்டும், சோற்றைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்துச்சீட்டு எழுத ஐந்து நிமிடம் போதும். அதன்படி வாழ முப்பது வருடம் வேண்டும், அதற்குத் துணை இருக்க ஓர் ஆள் வேண்டும்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஹெல்த் சைக்காலஜிஸ்ட், இரண்டும் ஒன்றா?

மருத்துவ உளவியல் மனநோய்களை மதிப்பிட்டுச் சிகிச்சை தரும் துறையாக வளர்ந்தது. உடல்நல உளவியல், உடல் நோய்க்கும் மனத்துக்கும் பழக்கத்துக்கும் உள்ள உறவைப் படிக்கிறது. நோயை உயிரியலாக மட்டும் பார்க்காமல் மனத்தையும் சமூகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கெல் 1977-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். அடுத்த ஆண்டே அமெரிக்க உளவியல் சங்கத்தில் உடல்நல உளவியலுக்குத் தனிப் பிரிவு வந்தது. இந்த இரண்டு பயிற்சியும் சேர்ந்தவரை அங்கே 'கிளினிக்கல் ஹெல்த் சைக்காலஜிஸ்ட்' என்கிறார்கள்.

நம் நாட்டில் அந்தப் பெயரில் தனி உரிமம் கிடையாது. மருத்துவ உளவியலாளராகப் பதிவு செய்துகொண்டு உடல் நோய்ப் பிரிவுகளில் வேலை செய்வதுதான் இங்குள்ள வழி. முதுகலைக்குப் பிறகு படிக்கும் மருத்துவ உளவியல் எம்.ஃபில். பாடத்திட்டத்தில், உடல் நோயில் மனத்துக்கும் பழக்கத்துக்கும் உள்ள பங்கைப் பற்றி 'பிஹேவியரல் மெடிசின்' என்று ஒரு முழுத் தாளே உண்டு. என் இன்றைய வேலைக்கு விதை அங்கேதான் விழுந்தது.

அப்படியென்றால் மனநல மருத்துவரோடு என்ன வித்தியாசம்? மருந்து எழுதலாமா?

எழுதக் கூடாது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி. படித்தவர், மருந்து அவருடைய பொறுப்பு. உளவியல் பரிசோதனை, மதிப்பீட்டு அறிக்கை, பேச்சு வழிச் சிகிச்சை, பழக்க மாற்றம் ஆகியவை நம்முடையவை. நோயாளிக்கு மருந்து தேவைப்படும் என்று தோன்றினால் தயங்காமல் அவரிடம் அனுப்ப வேண்டும்.

பிளஸ் டூவில் எந்த குரூப் எடுக்க வேண்டும்? நீட் வேண்டுமா?

இளங்கலை உளவியலுக்கு நீட் தேவையில்லை. பெரும்பாலான கல்லூரிகள் எந்த குரூப்பையும் ஏற்கின்றன. உயிரியல் படித்திருந்தால் பின்னால் நரம்பியல் தாள் வரும்போது கொஞ்சம் சுலபம். கணக்கென்றால் ஓடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: புள்ளியியல் இளங்கலையிலிருந்து ஆய்வேடு வரை கூடவே வரும், அதிலிருந்து தப்ப வழி இல்லை.

எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டேன். போர்டு மாட்டலாமா?

'மருத்துவ உளவியலாளர்' என்று மாட்டக் கூடாது. என்னைக் கேட்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

இந்திய மறுவாழ்வுக் கழகம், எல்லோரும் ஆர்.சி.ஐ. என்று சொல்வது, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அது அங்கீகரித்த படிப்பை அது அங்கீகரித்த இடத்தில் முடித்து, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் இந்தியாவில் மருத்துவ உளவியலாளர். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கும்போது ஆர்.சி.ஐ. அங்கீகாரத்தையே கேட்கிறது.

எம்.எஸ்சி.யின் பெயரிலேயே 'கிளினிக்கல் சைக்காலஜி' என்று இருந்தாலும் அது தானாகப் பதிவைத் தந்துவிடாது. எத்தனையோ பிள்ளைகள் இந்தப் பெயரை நம்பி இரண்டு வருடப் பணத்தையும் கட்டிய பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். கல்லூரியில் சேரும் முன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இந்தப் படிப்புக்கு, இந்தக் கல்லூரிக்கு, இந்த ஆண்டுக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா? அது எந்தப் பதிவுக்கு வழி விடும்?" பதிலை வாய்மொழியாக வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் அந்தக் கல்லூரியின் பெயரை உங்கள் கண்ணால் பாருங்கள்.

எம்.எஸ்சி. வீண் என்று நான் சொல்லவில்லை. ஆலோசகராக, ஆய்வு உதவியாளராக, பள்ளிகளில், தொண்டு நிறுவனங்களில் நல்ல வேலைகள் இருக்கின்றன. உளவியலாளர் உள்ளிட்ட பல துறைகளை ஒழுங்குபடுத்த 2021-இல் இணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டமும் வந்திருக்கிறது.

எம்.ஃபில்.லையே நிறுத்திவிட்டார்களாமே? இனி என்ன படிப்பது?

மற்றத் துறைகளில் எம்.ஃபில். 2022-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விதிகளோடு நின்றுவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டுச் சேர்க்கை வரை விலக்குக் கொடுத்தார்கள். ஆட்கள் போதாத துறை இது, சட்டென்று கதவை மூட முடியாது என்பதுதான் காரணம்.

பழைய வழி இதுதான்: மூன்று வருட இளங்கலை, இரண்டு வருட எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. உளவியல், அதன்மேல் மருத்துவமனையிலேயே இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். ஏழு வருடம். பதிவில் இருக்கும் பெரும்பாலானோர், நானும்தான், இப்படி வந்தவர்கள். அவர்களுடைய பதிவுக்கு எந்தப் பங்கமும் இல்லை.

புதிய வழியாக ஆர்.சி.ஐ. மருத்துவ உளவியலுக்கென்றே நான்கு வருட ஹானர்ஸ் இளங்கலை, எம்.ஏ., சை.டி. என்னும் தொழில்முறை முனைவர் பட்டம் ஆகியவற்றைக் கொண்டுவந்திருக்கிறது. பிளஸ் டூவில் இருக்கும் பிள்ளைக்கு இந்த வரிசைதான் பொருந்தும். பொது எம்.எஸ்சி. முடித்து நிற்பவர்கள் சை.டி. பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். மாறிக்கொண்டிருக்கும் நேரம் இது. போன வருடம் அண்ணன் படித்தான், அக்கா சொன்னாள் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்தின் ஆர்.சி.ஐ. அறிவிப்பைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. எம்.ஃபில்.லின் உயிர் அதன் பெயரில் இருந்ததில்லை. இரண்டு வருடம் காலையிலிருந்து மாலை வரை வார்டில் நின்றதில்தான் இருந்தது. புதிய படிப்பில் சேருகிறவர்கள், மருத்துவமனையில் எத்தனை மணி நேரம், யாருடைய மேற்பார்வையில் என்பதைக் கட்டணத்தைவிட முதலில் கேட்க வேண்டும்.

நல்ல இடங்கள் எவை?

மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான தேசிய நிறுவனமான பெங்களூரு நிம்ஹான்ஸ் எல்லோர் வாயிலும் முதலில் வரும். அதன் முன்னோடியான அகில இந்திய மனநல நிறுவனம் 1954-இல் தொடங்கியது, அடுத்த ஆண்டே இந்தத் துறைக்கான பட்டயப் படிப்பும் வந்தது. அங்கே பிஹேவியரல் மெடிசினுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ராஞ்சியில் மத்திய மனநல நிறுவனம் பழைய, கடுமையான பயிற்சிக்குப் பேர்போனது. சென்னையில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் பல ஆண்டுகளாகப் பயிற்சி நடக்கிறது. பல்துறை மருத்துவமனையோடு சேர்ந்த இடம் என்பதால் இதய நோயாளியையும் தீக்காய நோயாளியையும் பார்த்தபடி படிக்கலாம். உடல்நல உளவியலை மட்டும் கல்வியாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு மையம் உண்டு.

அடையாறு புற்றுநோய் நிறுவனத்தையும் சொல்ல வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அந்த மருத்துவமனையில் புற்றுநோயாளிகளுக்கான உளவியலுக்குத் தனித் துறை இயங்குகிறது. புற்றுநோய்ப் பக்கம் போக நினைப்பவர்கள் அதைத் தெரிந்து வைத்திருங்கள்.

தபால் வழியில், ஆன்லைனில் படிக்கலாமா?

கூடாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல் உட்பட உடல்நலம் சார்ந்த படிப்புகளைத் தொலைதூர, இணைய வழியில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது.

"ஆறு மாதத்தில் தெரபிஸ்ட் ஆகலாம்" என்று விளம்பரம் வருகிறதே?

நான் எம்.எஸ்சி. முடித்த வருடம் ஒரு தனியார் பயிற்சி மையம் எனக்கும் இப்படித்தான் சொன்னது. சனி, ஞாயிறு வகுப்பு, முடிவில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ், உடனே கிளினிக் தொடங்கலாம் என்றார்கள். முன்பணமும் கட்டிவிட்டேன். என் பேராசிரியை ஒருவர் அந்தச் சான்றிதழின் மாதிரியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல பதிவு எண்ணுக்கு இடம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். பணம் திரும்பி வரவில்லை.

தப்பாகக் கொடுத்த மாத்திரை மாதிரிதான் தப்பாக நடத்திய சிகிச்சையும், ஆளை உடைத்துவிடும். அரைகுறைப் பயிற்சியோடு ஒருவருடைய பழைய காயத்தைத் திறந்துவிட்டு மூடத் தெரியாமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட சான்றிதழ்களுக்கு நம் பிள்ளைகள் செலவழிக்கும் பணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. முழுப் பயிற்சி முடித்த பிறகு ஒரு குறிப்பிட்ட முறையில் மேற்பயிற்சி எடுப்பது வேறு விஷயம். அதை எல்லோரும் செய்ய வேண்டும்.

நுழைவுத் தேர்வு கடினமா? நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

இடங்கள் மிகக் குறைவு, போட்டி அதிகம். இரண்டு மூன்று முறை எழுதிச் சேர்ந்தவர்கள் இந்தத் துறையில் ஏராளம். அதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. அசாதாரண உளவியல், ஆளுமைக் கோட்பாடுகள், உளவியல் பரிசோதனைகள், ஆய்வு முறை, நரம்பியல் அடிப்படை ஆகியவை எழுத்துத் தேர்வில் வரும். நேர்காணலில் உங்கள் முதுகலை ஆய்வைத்தான் துருவுவார்கள். யாரோ எழுதிக் கொடுத்த ஆய்வென்றால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பயிற்சிக் காலம் எப்படி இருக்கும்?

களைப்பாக இருக்கும். காலையில் புறநோயாளிப் பிரிவில் வரலாறு கேட்பது, மதியம் பரிசோதனைகள், மாலையில் மேற்பார்வையாளரிடம் கேஸ் சொல்வது, இரவில் அறிக்கை. நுண்ணறிவு, ஆளுமை, நினைவாற்றல் பரிசோதனைகளை அடுத்தடுத்துக் கற்க வேண்டும். நிம்ஹான்ஸ் 2004-இல் வெளியிட்ட நரம்பு உளவியல் பரிசோதனைத் தொகுப்பை ஒரு நோயாளிக்குச் செய்து முடிப்பதற்குள் இருவருக்கும் பொறுமை தீர்ந்துபோகும். இதோடு ஆய்வேடு, ஆண்டுத் தேர்வு, வெளித் தேர்வாளர் முன்னால் ஒரு நோயாளியை நேரடியாக மதிப்பிட்டுக் காட்டுவது.

இந்தக் காலத்தில் நரம்பியல், வலி, சிறுநீரகம், மகப்பேறு என்று எந்தத் துறையிலிருந்து அழைப்பு வந்தாலும் நான் வருகிறேன் என்று முந்திக்கொள்ளுங்கள். மனநல வார்டில் மட்டும் இருந்துவிட்டு வருகிறவர்கள், ஐ.சி.யூ.வில் குழாய்களுக்கு நடுவே படுத்திருப்பவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் திகைக்கிறார்கள்.

நான் தமிழ் மீடியம். ஆங்கிலம் தடையாகுமா?

புத்தகங்களும் தேர்வும் ஆங்கிலத்தில்தான். முதல் ஆறு மாதம் சிரமப்படுவீர்கள், பிறகு சரியாகிவிடும். ஆனால் நோயாளிக்கு முன்னால் உட்காரும்போது உங்கள் தமிழ்தான் உங்கள் கருவி. அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ-9 என்று ஒரு வினாப்பட்டியல் இருக்கிறது. ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண், 10-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். அதில் சோர்வு, பசி, தூக்கம் பற்றிய கேள்விகள் உண்டு. கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் "சோர்வா இருக்காம்மா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். அது மருந்தின் சோர்வா, மனத்தின் சோர்வா? இந்தச் சிக்கலுக்காகவே உடல் நோயாளிகளுக்கென்று 1983-இல் உருவாக்கிய எச்.ஏ.டி.எஸ். வினாப்பட்டியலில் உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

ஆனால் எந்தப் பட்டியலுக்கும் பிடிபடாத சொற்கள் நம் மக்களிடம் இருக்கின்றன. "நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்கு." "உடம்பு பூரா எரியுது." "மனசே விட்டுப் போச்சு." "நரம்புத் தளர்ச்சி ஆயிடுச்சு." இந்தக் கடைசிச் சொல்லைத் தஞ்சாவூர்ப் பெரியவர் ஒருவர் ஒரு பொருளில் சொல்வார், இருபத்தைந்து வயதுப் பையன் கூச்சத்தோடு வேறு பொருளில் சொல்வான். "மனசே விட்டுப் போச்சு" என்றால் சிலருக்கு ஏமாற்றம், சிலருக்கு வாழ்க்கையே வேண்டாம் என்பது. எந்தப் பொருளில் சொல்கிறார் என்று அடுத்த கேள்வியில் பிடிக்க வேண்டும். இந்தக் காது உள்ள தமிழ் மீடியம் பிள்ளைகள் எங்களுக்குத் தேவை. தயவுசெய்து ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்கிவிடாதீர்கள்.

சாவையும் அழுகையையும் தினமும் பார்த்துத் தாங்க முடியுமா?

முடிகிறது, தனியாக அல்ல. மேற்பார்வை என்பது படிப்போடு முடிவதில்லை. பதினைந்து வருட அனுபவம் உள்ளவர்களும் தங்கள் கேஸை இன்னொருவரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் மாதம் இரண்டு முறை அப்படி உட்காருகிறேன்.

எனக்கு மரணத்தைவிடக் கடினமாக இருப்பது வேறொன்று. மார்பகப் புற்றுநோய் வந்த அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு மகனும் மருமகளும் உள்ளே வந்து, "அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம், தாங்க மாட்டாங்க" என்பார்கள். பாசத்தால்தான் சொல்கிறார்கள். அவர்களைப் போகச் சொல்லிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டால், அவர் கதவைப் பார்த்துவிட்டு மெல்லிய குரலில், "எனக்கு என்னன்னு தெரியும் கண்ணு. பசங்க பயந்துடுவாங்க, சொல்லிடாத" என்பார். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துத் தனித்தனியாக அழுதுகொண்டிருப்பார்கள். நோயாளிக்குத் தன் நோயைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று பாடப் புத்தகம் சொல்கிறது, சரிதான். ஆனால் அந்தக் கதவைப் படாரென்று திறப்பது என் வேலையாகாது. மகனிடம், "அம்மாவுக்கு எவ்வளவு தெரியும்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று தொடங்கி, அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வரை இரண்டு மூன்று நாள்கூட ஆகும். அந்த அறையில் அவர்கள் சேர்ந்து அழும்போது நான் வாய் திறப்பதே இல்லை.

விஷம் குடித்துப் பிழைத்தவர்களையும் மருத்துவப் பிரிவிலிருந்து நம்மிடம்தான் அனுப்புவார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்கிறது. இதைக் குடும்பத்துக்கு விளக்கிச் சொன்னால், போலீஸ் பயம் நீங்கி அவர்கள் பேசத் தொடங்குவார்கள்.

பேசுவதைத் தவிர வேறு என்ன செய்வீர்கள்? அறிவியல் ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (சி.பி.டி.) தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. இதில் படுக்கையில் கழிக்கும் நேரத்தையே குறைப்போம். "தூக்கம் வரலைன்னு வந்தா, படுக்காதன்னு சொல்றீங்களே" என்று கேட்காத நோயாளி இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் பலன் தெரியும்போது அவர்களே ஆச்சரியப்படுவார்கள். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்புக்கான முக்கியமான ஆபத்துக் காரணிகளில் மனம், சமூகம் சார்ந்தவற்றையும் சேர்த்தது.

காலை எடுத்த பிறகும் அந்தக் கால் வலிக்கிறது என்பவர்களுக்குக் கண்ணாடி வைத்துச் செய்யும் சிகிச்சை ஒன்று உண்டு. இருக்கும் காலின் பிம்பத்தை இல்லாத காலின் இடத்தில் காட்டி அசைக்கச் சொல்வது. 1990-களில் அதைக் கண்டவர் நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சர்க்கரையால் காலை இழந்தவர்கள் நிறைந்த நம் ஊர் வார்டுகளில் ஒரு கண்ணாடியோடு இதைச் செய்யலாம். எல்லோருக்கும் பலிப்பதில்லை. பலித்தவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சம்பளம் எப்படி? வீட்டில் இதைத்தான் கேட்கிறார்கள்.

ஏழு வருடம் படித்தவருக்குத் தொடக்கத்தில் கிடைப்பது குறைவு. இதை மறைத்து யாரையும் இந்தத் துறைக்குக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை. பொறியியல் முடித்த தம்பி உங்களைவிட அதிகம் வாங்குவான், சில வருடங்களுக்கு. தனியார் மருத்துவமனைகளில் மாதச் சம்பளம், அல்லது பார்க்கும் நோயாளிக்கு இவ்வளவு என்ற பங்கு. காலை மருத்துவமனை, மாலை சொந்த கிளினிக் என்று வைத்துக்கொள்பவர்கள் ஐந்தாறு வருடத்தில் நிலைபெறுகிறார்கள். மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியப் பணி, மாவட்ட மனநலத் திட்டம் போன்ற அரசுப் பணிகளும் உண்டு, இடங்கள் குறைவு. நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனங்களில் பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை தருகிறார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் முதலில் அங்கே முயற்சி செய்வது நல்லது.

டாக்டர்கள் நம்மை மதிப்பார்களா?

முதல் வருடம் "கவுன்சிலிங் பொண்ணு" என்பார்கள். சுருக்கமாக, பயன்படும்படி எழுதுங்கள். இரண்டு பக்கக் கோட்பாடு எழுதினால் எந்த அறுவைச் சிகிச்சை நிபுணரும் படிக்க மாட்டார். "நோயாளிக்கு இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்ற பயம். அப்பா இன்சுலின் தொடங்கிய மாதத்தில் இறந்தது காரணம். பேசியாயிற்று, நாளை முதல் ஊசிக்கு மனைவியையும் வரச் சொல்லவும்" என்று நான்கு வரி எழுதிய பிறகுதான் எங்கள் சர்க்கரை நோய் மருத்துவர் என் அறைக்கு நேரில் வந்தார். அதிலிருந்து வாரம் தவறாமல் நோயாளிகளை அனுப்புகிறார்.

வெளிநாட்டில் இந்தப் பட்டம் செல்லுமா?

நேராகச் செல்லாது. பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு வேண்டும். அங்கே 'கிளினிக்கல்', 'ஹெல்த்' இரண்டும் சட்டம் காக்கும் தனித்தனிப் பட்டப்பெயர்கள். அமெரிக்காவில் முனைவர் பட்டம், ஒரு வருட இன்டர்ன்ஷிப், பெரும்பாலான மாநிலங்களில் மேலும் மேற்பார்வைப் பயிற்சி, 225 கேள்விகள் கொண்ட இ.பி.பி.பி. தேர்வு, பிறகு மாநில உரிமம். அங்கேயே வாழ்வதாக முடிவு செய்தால் அங்கேயே படிப்பது சுலபம்.

எனக்கே முன்பு மனச்சோர்வு இருந்தது. நான் வரலாமா?

வரலாம். சிகிச்சை எடுத்து, இப்போது உங்கள் நிலை என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். உங்கள் காயத்தை ஆற்றிக்கொள்வதற்காக மட்டும் இந்தப் படிப்பை எடுக்காதீர்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. இந்த வரியைப் படிக்கும் இப்போதே பாரமாக இருந்தால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-க்கு அழையுங்கள். இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

நான் பி.எஸ்சி. வேதியியல் முடித்தவள். இருபத்தாறு வயது, குழந்தை இருக்கிறது. தாமதமாகிவிட்டதா?

இல்லை. வேறு பாடத்தில் இளங்கலை முடித்தவர்களையும் எம்.எஸ்சி. உளவியலில் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஆனால் அடுத்த படிக்கு உளவியல் முதுகலையில் பொதுவாக 55 விழுக்காடு மதிப்பெண் கேட்பார்கள், அதைக் குறையவிடாதீர்கள். முழுநேரப் பயிற்சிக் காலத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை வீட்டில் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், சேர்ந்த பிறகு பேச நேரம் இருக்காது. அதற்கு முன்னால் ஒன்று செய்யலாம். உங்கள் ஊரில் வலி நிவாரணப் பராமரிப்பு மையமோ டயாலிசிஸ் மையமோ இருந்தால், அனுமதி கேட்டு வாரம் ஒரு நாள் தன்னார்வலராகப் போங்கள். நோயாளியின் பக்கத்தில் அரை மணி நேரம், அறிவுரை எதுவும் சொல்லாமல் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் எனக்கு எழுதுங்கள், விண்ணப்பம் நிரப்ப நான் உதவுகிறேன்.